பள்ளிக்கூடத்து வாயிற்படி



குடும்பத்தாரும் ஆரம்பப் பள்ளியும் கூடி நிற்பது எவ்வாறு என்னும் பொருளைப் பற்றி இவ்வாண்டு பேசவேண்டுமென்று இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையார் பணித்த செய்தியை நண்பர் சிலரிடம் சொன்னபோது, “பெற்றோர் ஒத்துழைக்க வேண்டும், ஆசிரியர் அன்பாயிருக்க வேண்டும், இதற்கு மேல் என்ன சொல்லப்போகிறீர்?” என்று அவர்கள் கேட்டார்கள். விஷயம் அவ்வளவே ஆனால் நாம் இங்கே கூடவேண்டிய அவசியமில்லை. ஆசிரியர்கள் தனித்துக் கூடுமிடத்தில் பெற்றோரின் அசிரத்தையைப் பற்றியும், பெற்றோர்கள் தனித்து நிற்குமிடத்தில் ஆசிரியரின் அலட்சியத்தைப் பற்றியும் எழுகின்ற முறையீடு, தலைமுறைகள் மாறியும் சொற்கள் மாறாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறதென்றால், குறை தனி மனிதர்களின் சுபாவத்தில் மட்டும் இல்லை, பள்ளி என்ற ஸ்தாபனம் நம்மிடையே வளர்ந்த விதத்திலும் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஆகவே சற்றுப் பின்னோக்கிப் போக உங்கள் அநுமதியை வேண்டுகிறேன்.

சென்னை மாகாணத்துக் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ, 1822 ஆம் ஆண்டில் ஜில்லாக் கலெக்டர்களிடம் பள்ளிகளின் கணக்கைக் கேட்டு, வந்த கணக்குகளையெல்லாம் தொகுத்து 1826 இல் எழுதிவைத்த குறிப்பில், மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தனவென்றும், அவற்றில் 1,88,650 பிள்ளைகள் பயின்றனரென்றும் காண்கிறோம். அப்பள்ளிகளுள் மிகப் பெரும்பாலானவை சர்க்காரின் உதவியில் நடந்தவையல்ல. தெருவாரின் உதவியில் நடந்தவை. உபாத்தியாயரின் மாத வருமானம் பெரும்பாலும் ஆறு ஏழு ரூபாய்க்கு மேற்படுவதில்லை என்று மன்றோவே வருந்தி எழுதினார். அந்தச் சொற்பத் தொகையும் பிள்ளைக்கு இத்தனை அணா என்று வீடுதோறும் வரவேண்டியதாகையால், எந்த வீட்டில் இம்மாதம் வரும்படி குறைவு, எந்த வீட்டில் அறுவடை பொய்த்தது, எந்த வீட்டில் பிள்ளைக்கு அம்மை வார்த்திருக்கிறது என்பதெல்லாம் உபாத்தியாயருக்குத் தெரியாமலிருக்க வழியே இல்லை.

இவ்வாறு தெருவாரின் உதவியில் நடந்த திண்ணைப் பள்ளியைப் பற்றி நாம் இரண்டு விதமாகப் பேசிப் பழகியிருக்கிறோம்: ஒன்று, அது பொற்காலம் என்பது, மற்றொன்று, அது பிரம்படிக் கூடம் என்பது. இரண்டையும் சிறிது ஒத்திவைத்துவிட்டு, குடும்பத்தோடு அதற்கிருந்த உறவை மட்டும் நோக்குவோம். விஜயதசமியன்று குழந்தையைப் புத்தாடை உடுத்தி அழைத்துவந்து, நெல்லையோ அரிசியையோ பரப்பி, உபாத்தியாயர் அதன் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவிக்கும் சடங்கில், தாயும் தந்தையும் பாட்டனும் பாட்டியும் அண்டை வீட்டாரும் சுற்றி நின்றார்கள். நவராத்திரி வந்தால் பிள்ளைகளை அலங்கரித்துக்கொண்டு உபாத்தியாயர் வீடு வீடாகப் போவார்; பிள்ளைகள் கோலாட்டம் அடித்துப் பாடுவார்கள்; வீட்டார் தம் சக்திக்கேற்பத் தட்சிணை கொடுப்பார்கள். இது யாசகம் போல் நமக்கு இன்று தோன்றலாம். ஆயினும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு வாசலிலும் ஆண்டிற்கொரு முறையேனும் உபாத்தியாயர் நின்றார் என்பதையும், தம் பிள்ளை என்ன கற்றிருக்கிறான் என்பதை எழுத்தறியாத தாயும் தன் காதால் கேட்டறிந்தாள் என்பதையும் நாம் மறத்தலாகாது. இன்று அச்சிட்டுக் கொடுக்கும் ரேங்க் கார்டு அந்தத் தாய்க்கு அதில் பாதியைக்கூடச் சொல்வதில்லை.

இனி மறுபக்கம். மன்றோவின் கணக்கில் கண்ட 1,88,650 பேரில் பெண் குழந்தைகள் 4,540 பேரே. தெருவின் பள்ளி என்றால் அந்தத் தெருவின் பள்ளி என்றுதான் அர்த்தம். ஊரின் கோடியில் ஒதுக்கிவைக்கப்பட்ட சேரியின் குழந்தைக்கு அந்தத் திண்ணையின் நிழலும் கிடையாது. உள்ளே இடம்பெற்ற குழந்தைக்கோ, கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் காலில் மாட்டும் குட்டையும் காத்திருந்தன. “கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்” என்று தகப்பனார் உபாத்தியாயரிடம் சொல்லிவிட்டுப் போகும் வழக்கத்தை நம் பாட்டனார்கள் சிரித்துக்கொண்டே நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடிந்ததில்லை. பிள்ளையை ஒப்படைப்பது என்பது வேறு, பிள்ளையின் பொருட்டு இருவர் கூடி யோசிப்பது என்பது வேறு. திண்ணையில் நிகழ்ந்தது பெரும்பாலும் முன்னதே.

கஜானாவிலிருந்து சம்பளம் வாங்கும் ஆசிரியர் வந்தபிறகு இந்நிலை தலைகீழாயிற்று. அரசாங்கப் பள்ளியின் கதவு, சட்டப்படி எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்தது. நடைமுறையில் திறப்பதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன என்பது வேறு விஷயம். ஆசிரியர் வீட்டாரின் தயவை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்ற நிலை ஏற்பட்டது. அதுதான் ஏழை வீட்டுக் குழந்தைக்குக் கிடைத்த முதற் பாதுகாப்பு. அதே சமயத்தில், மாற்றலாகி வந்து மாற்றலாகிப் போகும் ஆசிரியருக்கும் ஊருக்கும் இடையே இருந்த நூலும் அறுந்தது. முன்னே நெருக்கம் இருந்தது, சமத்துவம் இல்லை. பின்னே சமத்துவத்தின் வாசல் திறந்தது, நெருக்கம் போயிற்று. இரண்டையும் ஒருங்கே பெறுவதற்கு இந்தத் தமிழ்நாட்டில் செய்யப்பட்ட முயற்சிகளைப் பற்றியே இனி நான் சொல்லப்போவது.

பசித்த குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதைக் கண்டு, சர். பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை நகராட்சி, 1920 இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி வழங்கியது நல்ல தொடக்கம். ஆனால் அது நகரசபை கொடுத்தது, பிள்ளைகள் உண்டார்கள் என்ற அளவில் நின்றது. காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1956 ஆம் ஆண்டு தொடங்கிய மதிய உணவுத் திட்டமோ வேறு வழியில் வந்தது. முதலில் ஊராரே அரிசியும் பருப்பும் விறகும் காய்கறியும் கொடுத்து நடத்தினார்கள். அரசாங்கப் பணம் பின்னர்தான் வந்து சேர்ந்தது. வந்தபோதும், ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்று கணக்கிட்டு, ஆறு பைசா அரசாங்கமும் நான்கு பைசா ஊரும் என்று பங்கிட்டார்கள். அந்த நான்கு பைசாவைப் பல கிராமங்களில் பிடியரிசியாகத் திரட்டினார்கள். உலையில் அரிசியிடும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்த கை தாயின் கை. அவள் பள்ளிக்குள் ஒருநாளும் காலடி வைத்திராதவளாயிருந்தாலும், அந்தப் பிடி அரிசியின் மூலம் பள்ளி நாளொரு முறை அவள் நினைவில் வந்து போயிற்று.

பின்னர் 1958 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. அதைத் தொடர்ந்து மாவட்டந்தோறும் மாநாடுகள் நடந்தன. பள்ளிக்கு என்ன தேவை என்று ஆசிரியர்கள் முன்கூட்டியே ஊராரோடு கலந்து பட்டியல் எழுதுவார்கள்; கரும்பலகை, பெஞ்சு, மணி, குடிதண்ணீர்ப் பானை, கூரைக்கு ஓடு, விளையாட நிலம், பிள்ளைகளுக்குச் சீருடை என்று அது நீளும்; மாநாட்டுப் பந்தலில் அவற்றை யார் யார் கொடுக்க இசைகிறார்கள் என்பது ஊரறிய அறிவிக்கப்படும். அக்காலத்துக் கிராமத்தில் பள்ளிக்கு ஒரு சுவர்க்கடியாரம் கொடுத்தவர், தம் வீட்டுத் திருமணத்தைப் பேசுவதைப்போல் அதைப் பேசுவார். அந்த இயக்கத்தைப் பற்றிக் குறைவாகப் பேசுவோரிடம் எனக்கு உடன்பாடில்லை. புதிதாகச் சுதந்திரம் பெற்று, வரும்படி குறைந்து, தேவை பெருகி நின்ற ஒரு ராஜ்யத்தில், ‘பள்ளி சர்க்காருடையது’ என்றிருந்த ஜனங்களை ‘பள்ளி எங்களுடையது’ என்று சொல்லவைத்தது சாமானியமான காரியம் அன்று.

ஆனாலும் ஒரு வரம்பு அதில் இருந்தது. கொடுத்தவர் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டது. கொடுத்தவருக்குப் பள்ளி நடப்பில் என்ன சொல் உண்டு என்பது எங்கும் எழுதப்படவில்லை. மிராசுதாரரும் மில் முதலாளியும் எழுதாமலே சொல்லுரிமை உடையவர்கள். பிடியரிசி போட்டவளுக்கோ, பந்தலின் பின்வரிசையில் இருக்கும் இடமே இருந்தது. பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் பின்னர் ஊர்தோறும் ஏற்பட்டன. அவை பல நன்மைகளைச் செய்தன. ஆயினும் ஊர்ப்பெரியவர் தலைவர், தலைமையாசிரியர் செயலாளர், மற்றவர் சந்தாதாரர் என்னும் பழைய அமைப்பே அவற்றுள் பலவற்றின் அமைப்பாய் நின்றுவிட்டது.

குடும்பத்தை வெளியே நிறுத்திவிட்டுச் செய்யும் சீர்திருத்தம் எவ்வளவு சிறந்ததாயினும் எப்படித் தடுமாறும் என்பதற்கு, நம் காலத்துச் செயல்வழிக் கற்றல் தக்க உதாரணம். ஆந்திரத்து ரிஷி வேலியில் உருவான முறையைத் தழுவி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 ஆம் ஆண்டு தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் மாநிலம் முழுவதும் பரவிய அந்த ஏற்பாட்டில், குழந்தைகள் பெஞ்சை விட்டுத் தரையில் வட்டமாக அமர்ந்தார்கள், பாடம் அட்டைகளாயிற்று, பாடங்களின் வரிசையைக் காட்டும் ஏணிப்படியில் தான் நிற்குமிடத்தைத் தானே பார்த்து, தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துக் கற்றது குழந்தை, சுவரின் அடிப்பாகத்தில் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. என் அபிப்பிராயத்தில், நம் ஆரம்பப் பள்ளியினுள் குழந்தையை மனிதப் பிறவியாக மதித்து நுழைந்த முதல் திட்டங்களுள் அது ஒன்று. ஆனால் வாசலில் நின்று எட்டிப்பார்த்த தகப்பனாருக்கு அங்கே தெரிந்தது என்ன? வீட்டுப்பாடம் இல்லை, புத்தகத்தை உரக்கப் படிக்கும் ஓசை இல்லை, ‘வாத்தியார் சும்மா உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைகள் சீட்டு விளையாடுகிறார்கள்’ என்று அவர் தேநீர்க் கடையில் சொன்னார். அந்த ஏணிப்படியின் சூட்சுமத்தை அவருக்கு விளக்குவதற்கென்று ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிய பள்ளிகளில் அவர் அதை விளங்கிக்கொண்டார். ஒதுக்காத பள்ளிகளில், கழுத்துப்பட்டை கட்டி ஆங்கிலப் பாட்டுச் சொல்லித்தரும் நர்சரிப் பள்ளியின் மஞ்சள் வேனைத் தேடிப்போனார். அவரை நான் குறைகூற மாட்டேன்.

சட்டம் இப்போது தெளிவாகவே இருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டுமென்றும், அதில் நூற்றுக்கு 75 பேர் பெற்றோர் அல்லது பாதுகாவலராயிருக்க வேண்டுமென்றும், உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டுமென்றும், நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு அவர்தம் விகிதப்படி இடம் வேண்டுமென்றும் விதித்திருக்கிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும், வந்த பணம் எப்படிச் செலவாயிற்று என்று பார்ப்பதும் அக்குழுவின் வேலை. பலருக்கு நினைவிலில்லாத இன்னொரு விதியும் அச்சட்டத்தில் உண்டு: பெற்றோரை ஒழுங்காகச் சந்தித்து, குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துச் சொல்வது ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே பெற்றோரைச் சந்திப்பது ஆசிரியரின் பெருந்தன்மை அன்று. பாடம் நடத்துவதைப் போன்ற கடமையே.

தமிழ்நாட்டில் 2022 ஆம் ஆண்டு மார்ச்சு 20 ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமையன்று, அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டங்கள் ஒரே நாளில் நடத்தப்பட்டு, அதன்பின் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தது சிறிய விஷயம் போல் தோன்றலாம். எனக்கோ அந்த ஏற்பாட்டில் அதுவே பெரிய விஷயம். வேலைநாளில் முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, ‘அறிவிப்பு அனுப்பினோம், பெற்றோர் வரவில்லை’ என்று பதிவேட்டில் எழுதுகிறவர், நடவுக்குப் போகும் பெண்ணுக்கு அன்றைக் கூலி முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தின் விலை என்பதை யோசித்திருக்கமாட்டார். பனியன் கம்பெனியில் ஷிப்டு பார்க்கும் தாய்க்கு ஒரு வேளை, செங்கற்சூளையில் குடியிருக்கும் தகப்பனுக்கு ஒரு வேளை, மீன்பிடிக் கிராமத்தில் ஏலம் முடிந்த பிறகு ஒரு வேளை என்று, ஊரின் உழைப்பைப் பார்த்துக் கூட்டத்தின் மணியை வைப்பதே அழைப்பின் முதல் மரியாதை.

வந்த பிறகு அவர்களிடம் பேசுவது என்ன என்பது அடுத்த கேள்வி. பெற்றோரைப் பள்ளி அழைப்பதற்கு நம் வழக்கத்தில் மூன்று காரணங்களே உள்ளன: கையெழுத்து, காசு, கோள். மகன் செய்த குற்றத்தைக் கேட்க மட்டுமே பள்ளிக்கு வந்து பழகிய தாய், பள்ளியிலிருந்து ஆள் வந்தாலே முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நடுங்குகிறாள். அவளிடம் பள்ளிக்குத் தேவையான ஞானம் ஒன்று உண்டு என்பதை நாம் நினைத்துப்பார்த்ததில்லை. அவள் மகன் இருளர் குடியிருப்பில் பிறந்து, வீட்டில் இருளப் பேச்சைப் பேசி வளர்ந்தவனாயிருக்கலாம். ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டுப் பிள்ளையாயிருக்கலாம். பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவரின் மகனாயிருக்கலாம். வகுப்பில் வாய்திறவாத குழந்தை, வீட்டில் ஓயாமல் பேசுகிறது என்ற ஒரு செய்தியைத் தாய் சொன்னால், மந்தபுத்தி என்று ஆசிரியர் தீர்மானித்திருந்த நோய், பாஷை தெரியாத கூச்சம் என்று விளங்கிவிடும். இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறது, யாரோடு தூங்குகிறது, எதைக் கண்டு அஞ்சுகிறது, எந்தக் கணக்கைக் கடைக்குப் போய்வரும் வழியில் வாயாலே போடுகிறது என்பவற்றை எந்த ஆசிரியப் பயிற்சி நிறுவனமும் கற்றுத்தர இயலாது. ஆதலின் முதற் சந்திப்பில் ஆசிரியர் பேசுவதினும் கேட்பதே மிகுதியாயிருக்க வேண்டும்.

அமெரிக்க நாட்டில் நியூ ஹேவன் நகரத்தில் 1968 ஆம் ஆண்டு, யேல் பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர், கறுப்பின ஏழைக் குழந்தைகள் மிகுதியாகப் படித்த இரண்டு ஆரம்பப் பள்ளிகளில் தொடங்கிய பணியும் இவ்விஷயத்தில் நம் சிந்தனைக்கு உரியது. ஆசிரியரும் பெற்றோரும் ஒருவரையொருவர் பழித்துக்கொண்டிருந்த அவ்விடத்தில், அவர் வைத்த முதல் விதி, எவர்மீதும் பழி சுமத்தாமல் காரியத்தைப் பேசுவது. இரண்டாவது, கைதூக்கி எண்ணாமல் இசைந்து முடிவெடுப்பது. மூன்றாவது, தலைமையாசிரியரின் அதிகாரத்தை முடக்காமலும் அவர் ஒருவரே எல்லாம் என்று விடாமலும் கூடி நடத்துவது. அவர்தம் தாயார் பள்ளிப் படிப்பு மிகக் குறைந்தவர். தம் குழந்தைகளைப் படிக்கவைக்க அவர் பட்ட பாட்டைக் கோமர் பிற்காலத்தில் ஒரு நூலாகவே எழுதினார். கையெழுத்துப் போடத் தெரியாத தாயிடம் கல்வியைப் பற்றிக் கேட்க ஏதுமில்லை என்று எண்ணுவோர் அந்த நூலைப் படிக்கலாம்.

இத்தனையும் சொன்னவன், இதற்கு மாறானது போன்ற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குடும்பத்தோடு கூடி நிற்பது என்றால் குடும்பம் சொல்வதற்கெல்லாம் பள்ளி தலையசைப்பது என்று பொருளன்று. சமைத்த பெண் இன்ன ஜாதி என்பதற்காகத் தன் குழந்தையைச் சாப்பிடவிடாமல் தடுத்த பெற்றோர் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடங்களில், அந்தப் பெண்ணை மாற்றிவிட்டு அமைதியை வாங்கிக்கொண்டதும் நடந்திருக்கிறது, அதிகாரிகளே வந்து பிள்ளைகளோடு பந்தியில் அமர்ந்து அவள் சமைத்ததை உண்டதும் நடந்திருக்கிறது. பின்னதே பள்ளி, முன்னது திண்ணைக்குத் திரும்பிப் போவது. மகளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி வீட்டு வேலைக்கு வைக்க நினைக்கும் தகப்பனையும், ‘அடித்துத் திருத்துங்கள்’ என்று பிரம்பை எடுத்து நீட்டும் தாயையும், பள்ளி எதிர்த்து நிற்கத்தான் வேண்டும். அன்றாடம் பழகி, நல்லது பொல்லாததற்கு வீட்டுப் படியேறி, பிள்ளையின் நன்மை ஒன்றையே நாடுகிறவர் என்று பெயரெடுத்த ஆசிரியர் ‘கூடாது’ என்று சொன்னால் அந்தத் தகப்பன் யோசிப்பான். குற்றஞ்சாட்டும் நாளில் மட்டும் முகங்காட்டும் ஆசிரியர் சொன்னால் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போவான். நெருக்கம் தேவைப்படுவது இணங்குவதற்காக மட்டுமன்று, மறுப்பதற்காகவும்தான்.

அண்மைக்காலத்து ஏற்பாடுகளுள் இரண்டு இந்த நெருக்கத்தை எதிர்பாராத வழியில் கொண்டுவந்திருக்கின்றன. பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்தபின், 2021 ஆம் ஆண்டு அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்ற இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலைவேளையில் தத்தம் குடியிருப்பிலேயே இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு கற்பித்தார்கள். படித்துவிட்டு வீட்டிலிருந்த மருமகள் தெருப்பிள்ளைகளுக்கு ‘அக்கா’ ஆனாள். பள்ளியில் நடப்பது என்ன என்பது கோயில் மண்டபத்திலும் வீட்டு வாசலிலும் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. மற்றொன்று, 2022 இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம். அதில் சமைப்பவர் அவ்வூர் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவர்; அவருடைய குழந்தையும் அதே பள்ளியில் படிக்கவேண்டுமென்பது விதி. தன் பிள்ளையும் உண்ணப்போகும் உப்புமாவுக்கு ரவையில் வண்டு இருக்கிறதா என்று பார்க்க அவளுக்கு மேற்பார்வையாளர் எவரும் தேவையில்லை. 1956 ஆம் ஆண்டில் பிடியரிசியை வீட்டிலிருந்து அனுப்பிய கை, இப்போது பள்ளியின் சமையற்கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அவளைச் சமையற்காரி என்ற அளவில் நிறுத்தாமல், காலை எட்டு மணிக்கே பள்ளிக்கு வந்துவிடும் தாயாகவும் கண்டு, எந்தக் குழந்தை எதனால் வரவில்லை என்பதை அவளிடம் கேட்டறியும் தலைமையாசிரியர்களை நான் அறிவேன், மற்றவர்களும் கேட்கலாம்.

இங்கே வந்திருக்கும் மேலாண்மைக் குழுத் தலைவிகளுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரே ஒரு காரியத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் பள்ளியின் தீர்மானப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். ‘கூட்டம் நடைபெற்றது, கீழ்க்கண்டவை ஒருமனதாக நிறைவேறின’ என்ற வாசகமும், அதன்கீழ் வரிசையாகக் கையெழுத்தும் ரேகையும் இருக்கும். யார் என்ன கேட்டார்கள் என்பது இராது. அடுத்த கூட்டத்தில், கழிப்பறைக்குத் தண்ணீர் வருமா என்று கேட்டவள் பெயரையும், மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியர் எப்போது வருவார் என்று கேட்டவர் பெயரையும், அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதச் செய்யுங்கள். கையெழுத்து வாங்குமுன் எழுத்தறியாதவர்களுக்காக உரக்கப் படித்துக் காட்டுங்கள். அதற்கடுத்த மாதக் கூட்டத்தின் முதற்பொருளாக, அவர்கள் கேட்டதற்கு என்ன ஆயிற்று என்பதை, ஆகாவிட்டால் ஏன் ஆகவில்லை என்பதை, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.